தையலக்காவின் நனைந்த விரிப்பு

2003 மார்ச் 8. தன்னார்வலர்கள் 4, மன்றங்கள் 0.
2006 டிசம்பர் 31. தன்னார்வலர்கள் 31, மன்றங்கள் 9.
2010 டிசம்பர் 31. தன்னார்வலர்கள் 78, மன்றங்கள் 22.
2013 டிசம்பர் 31. தன்னார்வலர்கள் 112, மன்றங்கள் 34.
2014 ஜூன் 17. ஊற்றியது 2,000 மில்லிலிட்டர், வடிந்தது 1,660.
2014 ஜூலை 12. ஊற்றியது 1 லிட்டர்; மண் குடித்து முடிக்க 38 நிமிடம்.
2014 ஆகஸ்ட் 4. அளவுகள் மொத்தம் 46.

முதல் நான்கு வரிகள் தையலக்காவின் பத்து வருடம், ஒன்பது மாதம், இருபத்து மூன்று நாள் உழைப்பு. அவளோடு பயின்ற, பிறகு அவள் பழக்கிவிட்ட தன்னார்வலர்கள் எத்தனை பேர், அவர்கள் போய்ப் பாடம் நடத்திய ஊராட்சி, நகராட்சி மன்றங்கள் எத்தனை என்ற கணக்கு அது. பாடம் ஒன்றே ஒன்றுதான். நிலத்தின் மேல் என்ன செய்கிறோமோ அது கிணற்றுத் தண்ணீரில் தெரியும் என்பது. கடைசி மூன்று வரிகள் அவளுடைய சொந்த ஊரில் நடந்தவை.

தையலக்கா என்பது ஊர் வைத்த பெயர். கீழத் தெருவில் முனையிலிருந்து இரண்டாவது கடை. உள்ளே இரண்டு தையல் இயந்திரம், ஆளுயரக் கண்ணாடி ஒன்று, அதன் முன்னால் வாடிக்கையாளர் ஏறி நிற்க ஒரு முக்காலி. புதுத் துணி தைக்க ஊரில் ஆறு பேர் இருந்தார்கள். பழைய துணியைப் பிரித்துத் தைக்க அவள் ஒருத்திதான். யார் பருத்தார், யார் இளைத்தார் என்பது மருத்துவருக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். வெளியே மூச்சு விடமாட்டாள்.

இந்த வேலைக்குள் அவளை இழுத்து வந்தது ஒரு மழை. 2002 அக்டோபர் 23, புதன்கிழமை. பெய்தது நாற்பது நிமிடம்தான். கீழே ஓடை கரைக்குள் சாதுவாக ஓடிக்கொண்டிருந்தபோதே கடைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது. கீழ்த்தட்டில் வைத்திருந்த பதினான்கு உடுப்புகள் நனைந்தன. அலசப் போட்டால் தொட்டித் தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம். பதினொன்று வெளுத்தன. மூன்றில் கறை போகவே இல்லை. அந்த மூன்றுக்கும் அவள் புதுத் துணி எடுத்துத் தைத்துக் கொடுத்தாள்.

அடுத்த மழைக்கு வேறு யாராக இருந்தாலும் வாசலில் மணல் மூட்டை அடுக்கியிருப்பார்கள். தையலக்கா கடையைப் பூட்டினாள், குடையை எடுத்தாள், வருகிற தண்ணீருக்கு எதிராக மேட்டில் ஏறி நடந்தாள். பள்ளிக்கூடத் தெருவைத் தாண்டி, அந்தக் கோடையில்தான் தார் போட்டு முடித்திருந்த கார் விற்பனை முற்றத்தில் போய் நின்றது அவள் நடை. தண்ணீர் அங்கிருந்து பாய் விரித்த மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது.

தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட வீடு திரும்பியவளைப் பார்த்து அவள் கணவர் சொன்னார்: "குடையும் கையுமா போய் இப்படி நனைஞ்சிட்டு வர்றதுக்குத் தனித் திறமை வேணும்மா."

"தண்ணி எங்க இருந்து வருதுன்னு பாத்துட்டேங்க."

"எங்க இருந்து?"

"நம்ம எல்லார்கிட்ட இருந்தும்தான்."

கணவர் பேருந்து நடத்துநர். இருபத்தெட்டு வருடம் பயணிகளோடு வாதாடிப் பழகிய வாய். அந்த வாய் பின்னால் எப்படிப் பயன்பட்டது என்பதைச் சொல்கிறேன்.

அடுத்த மார்ச்சில் நூலகத்தின் பின்னறையில் ஒரு பயிற்சி நடந்தது. ஆற்று நீரைச் சோதிக்கும் அமைப்பு ஒன்று அனுப்பிய பரிசோதகர் வந்திருந்தார். கேட்க வந்தவர்கள் நான்கு பேர், அவர்களில் தையலக்காவும் ஒருத்தி. மன்ற உறுப்பினர்கள் கெட்டவர்கள் இல்லை, கட்டட அனுமதிக்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் உள்ள தொடர்பை அவர்களுக்கு யாரும் காட்டியதில்லை, சாதாரண ஊர்க்காரர்கள் போய்க் காட்டினால் கேட்பார்கள் என்று பரிசோதகர் விளக்கினார். பேச்சுவாக்கில், "மண் துணி மாதிரி. தண்ணிய உறிஞ்சிக்கும்" என்றார்.

தையலக்கா கையைத் தூக்கினாள். "எந்தத் துணிங்க?"

"எந்தத் துணியா இருந்தா என்னம்மா?"

"அப்படிச் சொல்லாதீங்க. கம்பளி மொதல்ல தண்ணியத் தள்ளும், அப்புறம்தான் குடிக்கும். பருத்தி உடனே குடிக்கும். மழைக்கோட்டுத் துணி குடிக்கவே குடிக்காது. நீங்க சொல்ற மண்ணு இதுல எது?"

ஒன்பது நாள் கழித்து அவள் ஒரு விரிப்போடு வந்தாள். நீளம் ஒரு மீட்டர், அகலம் எழுபத்தைந்து சென்டிமீட்டர். மேலேயும் கீழேயும் துவட்டும் துண்டுத் துணி, நடுவில் பஞ்சு. அதுதான் நிலம். கறுப்பு ரெக்சினில் கத்தரித்த இருபத்தாறு துண்டுகள் கூரை, சாலை, முற்றம். பிரஸ் பட்டனால் அவற்றை நிலத்தில் ஒட்டலாம், எடுக்கலாம். விரிப்பைச் சாய்த்து வைத்த பலகையில் போட்டு, பூவாளியில் இரண்டு லிட்டர் தண்ணீரை மழையாக ஊற்ற வேண்டும். கீழே வடிவதை அளவுக் குடுவையில் பிடிக்க வேண்டும். வெறும் நிலத்தில் முந்நூறு மில்லிலிட்டர் வடிந்தது. இருபத்தாறு துண்டையும் ஒட்டிவிட்டு ஊற்றினால் ஆயிரத்து நானூறு.

2005-இல் பரிசோதகர் மாற்றலாகிப் போனபோது, பயிற்சியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எட்டாவதோடு நின்ற படிப்பு என்று அவள் தயங்கினாள். "நான் பதினாறு வருஷம் படிச்சிட்டு எந்தத் துணின்னு கேக்கலையே" என்றார் அவர்.

ஞாயிறுதோறும் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு வகுப்பு நடக்கும். வந்தவர்களில் ஓய்வு பெற்ற செவிலியர் உண்டு, லாரி ஓட்டுநர் உண்டு, பல் கட்டுபவர் உண்டு. படம், பாடம் எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதி நேரம் முழுக்க ஒத்திகைதான். கணவர் மூக்கு நுனியில் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு முக்காலியில் ஏறி உட்கார்ந்து மன்ற உறுப்பினராகிவிடுவார். அவரிடம் தப்பித்தவர் எந்த மன்றத்திலும் தப்பிக்கலாம் என்று தன்னார்வலர்களிடையே பேச்சு இருந்தது.

அக்கா போட்ட சட்டங்கள் சில இருந்தன. யாரும் சொந்த ஊர் மன்றத்தில் பேசக்கூடாது. 2007-இல் ஒருவர் அப்படிப் பேசப் போய், பக்கத்து வீட்டுக்காரன் கொட்டகை போடுவதைத் தடுக்க வந்தவர் என்று பட்டம் வாங்கித் திரும்பினார். மன்றத்தாரிடம் இதைச் செய்யுங்கள், அதைச் செய்யாதீர்கள் என்று சொல்லக்கூடாது. காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று மூன்று எண்ணுவதற்குள் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, குடுவையில் என்ன வந்ததோ அதை அப்படியே பலகையில் எழுத வேண்டும். நமக்குச் சாதகமாக இல்லையென்றால் இன்னும் பெரிதாக எழுத வேண்டும்.

அப்படியே பத்து வருடம் போனது. அதன் பிறகுதான் சொந்த ஊர் குறுக்கே வந்தது.

கீழ்த் தெருக்கள் மூன்றுக்கும், மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும், ஊற்றுக் கிணறு ஒன்றுதான் தண்ணீர். அதற்கு மேலே மேட்டில் நகராட்சிக்குச் சொந்தமான இரண்டரை ஹெக்டேர் புல்வெளி. மழை பெய்தால் அந்த நிலம் குடித்து, வடிகட்டி, மெதுவாகக் கிணற்றுக்குக் கொடுக்கும். அந்த நிலம் முழுவதற்கும் தார் போட்டு லாரி நிறுத்துமிடம் ஆக்குவது என்று ஒரு தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவர் மன்றத் தலைவர். தலைவர் தையலக்காவின் தம்பி.

ஏழு வயது இளையவன். விஷயத்தை அவன் அவளிடம் சொல்லவில்லை. ஒரு வாடிக்கையாளர் பாவாடைக்கு அளவு கொடுக்கும்போது சொல்லித்தான் தெரிந்தது. அக்கா நேராக அவன் வீட்டுக்குப் போய், "நான் குடிக்கிற தண்ணியில எண்ணெய் ஊத்தப் போறியாடா?" என்று கேட்டாள். "அது உன் தண்ணி இல்லக்கா, ஊர்த் தண்ணி. ஊருக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்" என்றான் அவன். அது 2013 செப்டம்பர் மாதம். அன்றிலிருந்து அவனுடைய கால்சட்டைகள் பக்கத்து ஊர்த் தையற்காரரிடம் போயின. அக்காவுக்கு எல்லாவற்றையும்விட அதுதான் சுருக்கென்றது.

சொந்த ஊரில் பேசக்கூடாது என்று சட்டம் போட்டவளே அவள்தானே. ஆகவே பக்கத்து ஊர்ப் பூட்டுக்காரரை அனுப்புவது என்று முடிவாயிற்று. அவருக்கு அறுபத்து மூன்று வயது. மனிதர்களோடு பேசியதைவிடப் பூட்டுகளோடு பேசியது அதிகம். பூட்டு திறக்கவில்லை என்று கூப்பிடுகிற வீடுகளில் முக்கால்வாசிப் பூட்டு நன்றாகத்தான் இருக்கிறது, ஈரத்தில் கதவுதான் வீங்கிக் கிடக்கிறது, ஊரில் தார் ஏற ஏற இது கூடுகிறது என்று கண்டுபிடித்துப் பயிற்சிக்கு வந்தவர் அவர்.

ஒத்திகையில் நடத்துநர் அவரைப் பிய்த்து எடுத்தார்.

"ஏங்க பூட்டுக்காரரே, போர்வையில தண்ணி ஊத்தினா எங்க வீட்ல முதுகுல ரெண்டு போடுவாங்க. நீங்க மன்றத்துக்குள்ளயே வந்து ஊத்துறீங்க. என்ன சமாச்சாரம்?"

"ஐயா... இது போர்வை இல்லைங்க. நிலம்."

"நிலமா? பத்திரத்த எடுங்க, பாப்போம்."

பூட்டுக்காரர் திகைத்துப்போய் அக்காவைப் பார்த்தார். அக்கா ஜன்னலைப் பார்த்தாள். "பத்திரம்... உங்ககிட்டதாங்க இருக்கு. நகராட்சி நிலம்தானே" என்றார் பூட்டுக்காரர் கடைசியில்.

நடத்துநர் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த ஆளு தேறிட்டாரும்மா."

மன்றக் கூட்டம் 2014 ஜூன் 17, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு. நீள மேசை, ஒன்பது நாற்காலி, ஆளுக்கொரு தண்ணீர்க் குவளை. பார்வையாளர்களுக்குச் சுவரோரம் இரண்டு பெஞ்சு. பின் பெஞ்சில் தையலக்காவும் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி அவளைப் பார்த்தான், பார்க்காத மாதிரி தாளைப் புரட்டினான்.

பூட்டுக்காரர் பலகையைச் சாய்த்து வைத்து விரிப்பைப் போட்டார். விரிப்பின் கீழ்த் தையலோரம் தொங்கியது. காய்ந்த பஞ்சு அப்படித் தொங்காது. மேல் துணியைத் துடைத்து உலர்த்திவிடலாம், உள்ளே பஞ்சு நனைந்திருந்தால் தையலோரம் காட்டிக் கொடுத்துவிடும். ஒன்பது நாள் உட்கார்ந்து அந்த ஓரத்தைத் தைத்தவளுக்குத் தெரியாதா?

"விரிப்பு ஈரமா இருக்குங்க" என்று கணவரின் காதில் சொன்னாள்.

"எழுந்து சொல்லு."

"நான் எப்படிங்க பேசுறது?"

"ஒரு வார்த்தம்மா. நிறுத்துங்கன்னு ஒரே வார்த்த."

அவள் சொல்லவில்லை. பூட்டுக்காரர் பூவாளியைத் தூக்கிவிட்டார். துண்டு எதுவும் ஒட்டாத வெறும் நிலத்தின் மேல் இரண்டு லிட்டர் மழை பெய்தது. உறிஞ்ச வேண்டிய நிலம் உறிஞ்சவில்லை. தண்ணீர் விறுவிறுவென்று ஓடிக் குடுவையில் விழுந்தது. ஆயிரத்து அறுநூற்று அறுபது.

தம்பி நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "பூட்டுக்காரரே, நான் போடப்போற தாரே இதவிட நல்லாக் குடிக்கும்போல இருக்கே!"

மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மனதுக்குள் எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்று சொல்வதற்குள் அவர் திரும்பி, சுண்ணக்கட்டியை எடுத்து, பலகையில் 1,660 என்று எழுதினார். முழங்கை நீளத்துக்கு எழுதினார்.

"முந்நூறு வரணுங்க. வந்தது இது. பயமா இருந்திச்சு, அதனால காலையில ஏழு மணிக்கே எந்திரிச்சு மூணு தடவ ஊத்திப் பழகினேன். மேல தொடச்சேன், உள்ள காயலை. தப்பு என்னோடது. எண்ணு எண்ணுதான்."

சிரிப்பு நின்றது. ஒரு கால் சற்றே நொண்டும் மருந்துக்கடை அம்மாள், மன்றத்தின் மூத்த உறுப்பினர், முன்னால் குனிந்தார்.

"அப்ப நிஜ நிலமும் ரெண்டு நாள் விடாம பேஞ்சா இப்படித்தான் ஆகும், இல்லையா?"

"ஆமாங்க. ஆகும்."

"திரும்ப எத்தன நாள்ல குடிக்கத் தொடங்கும்?"

"தெரியாதுங்க."

"தலைவரே, உங்களுக்குத் தெரியுமா?"

தம்பி தீர்மானத் தாளைப் புரட்டித் தேடினான்.

"தெரியாமயே தார் போடுறதா இருந்தோம்" என்றார் மருந்துக்கடை அம்மாள். "தெரிஞ்சிக்கிட்டுப் போடுவோம்."

முடிவை ஒன்பது வாரம் தள்ளி, ஆகஸ்ட் 19-க்கு வைப்பதென்று ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் தீர்மானமாயிற்று.

வெளியே படிக்கட்டில் பூட்டுக்காரர் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். "அக்கா, நான் விலகிக்கிறேன். உங்க பேரக் கெடுத்துட்டேன்." அவரைவிடப் பதினோரு வயது சின்னவள் அவள். ஆனாலும் அவருக்கும் அக்காதான்.

"நான் பாத்தேன் பூட்டுக்காரரே. ஓரம் தொங்குச்சு. நிறுத்துங்கன்னு சொல்லியிருக்கலாம்."

"பேசக்கூடாதுன்னு சட்டம் போட்டது நீங்கதான?"

"ஆமா. சட்டம் போட்டவளுக்கே வாய் அரிச்சுது."

"நீ சொல்லியிருந்தா அந்த அம்மா கேள்வி கேட்டிருக்க மாட்டாங்களே" என்றார் நடத்துநர். "ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அழுதது போதும். பஸ் வருது."

கேள்விக்குப் பதில் விரிப்பில் இல்லை, நிலத்தில்தான் இருந்தது. நகராட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினார்கள். பெயின்ட் டப்பாவின் மேல்மூடியையும் அடியையும் வெட்டியெடுத்து, மண்ணில் நான்கு விரல் ஆழம் இறக்கி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, மண் அதைக் குடித்து முடிக்கும் நேரத்தைக் குறிப்பது. அவ்வளவுதான் வேலை. காலையில் அக்காவும் மாலையில் பூட்டுக்காரரும் போனார்கள். காய்ந்திருந்தபோது கிணற்றுக்கு மேலே இருந்த மேற்குப் பக்கம் நான்கு நிமிடத்தில் குடித்தது. ஜூலை 5, 6 இரண்டு நாளும் நல்ல மழை. ஏழாம் தேதி முப்பத்தொரு நிமிடம். எட்டில் பதினேழு. ஒன்பதில் ஒன்பது. பத்தாம் தேதி ஆறு. நான்கு நாளில் நிலம் கிட்டத்தட்டப் பழையபடி குடிக்கத் தொடங்கிவிட்டது. அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது.

ஜூலை 12, சனிக்கிழமை காலை, டப்பாவைக் கிழக்குப் பக்கம் கொண்டுபோனாள். பெரிய சாலையை ஒட்டிய ஓரம் அது. சந்தை நாட்களில் வண்டிகள் ஏறி நின்று ஏறி நின்று மண் இறுகிப்போயிருந்தது. டப்பாவை இறக்கவே சுத்தியல் தேவைப்பட்டது. தண்ணீரை ஊற்றிவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஐந்து நிமிடத்தில் ஒரு விரல்கூட இறங்கவில்லை. அப்போது பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

"தலைவரோட அக்கா புல்வெளியில உக்காந்து டப்பாவுக்குத் தண்ணி காட்டுறாங்கன்னு ஊரே சிரிக்குது."

அவள் திரும்பவில்லை. "சிரிக்கட்டும். முதல்ல சிரிச்சது தலைவர்தான."

தம்பி கால்சட்டையின் முழங்காலைத் தூக்கிவிட்டுக்கொண்டு பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தான். "அந்த மனுஷனப் பாத்து சிரிச்சிருக்கக் கூடாது."

"அவர்கிட்ட சொல்லு."

"சொல்லிட்டேன். நேத்து என் வீட்டுப் பூட்டுக்குன்னு கூப்பிட்டேன்."

"பூட்டு கெட்டுப் போச்சா?"

"இல்ல."

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். டப்பாவில் தண்ணீர் அசையாமல் நின்றது.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"முடியற வரைக்கும் ஆகும். அவசரம்னா போ."

அவன் போகவில்லை. அவள் கையிலிருந்த கடிகாரத்தை வாங்கித் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டான். "பள்ளிக்கூடத் தெருவுல ராத்திரிக்கு இருபத்து மூணு லாரி நிக்குது, தெரியுமா? நானே எண்ணினேன். காலையில பிள்ளைங்க அதுக்கு நடுவுல புகுந்து வரும். போன ஆகஸ்ட்ல ஒரு பொண்ணோட சைக்கிள் சக்கரம் லாரிக்கடியில போச்சு. பொண்ணு தப்பிச்சிருச்சு. அது அழல. நான்தான் வீட்ல போய் அழுதேன்."

"இத ஏண்டா அன்னிக்கே சொல்லல?"

"நீ வந்ததும் வராததுமா எண்ணெய் ஊத்தப் போறியான்னு கேட்ட."

பத்து வருடமாக எல்லோருக்கும் முதலில் கேள், பிறகு காட்டு என்று சொல்லிக்கொடுத்தவள் தம்பி வீட்டு வாசலில் அதைச் செய்யவில்லை. சாலையில் ஒரு வண்டி போனது. தண்ணீர் இரண்டு விரல் இறங்கியிருந்தது.

"கால்சட்ட இடுப்பப் பிடிக்குது" என்றாள், எதையோ சொல்ல வேண்டுமே என்று.

"அதெல்லாம் இல்ல."

"என்கிட்டயேவா? ஊருக்குத்தான் நீ தலைவர். உன் இடுப்பு அளவு எனக்கு மனப்பாடம். அந்தத் தையற்காரர் மடிப்ப மூணு விரல் தள்ளிப் பிடிச்சிருக்கார். உக்கார விடுதா அது?"

"விடல" என்றான் தம்பி. சொல்லிவிட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள். பத்து மாதத்துக்குப் பிறகு இருவரும் ஒன்றாக உட்கார்ந்திருந்தது அந்த முப்பத்தெட்டு நிமிடம்தான். டப்பா காலியானதும், "முப்பத்தெட்டு" என்று கடிகாரத்தைப் பார்த்து அவன்தான் சொன்னான். அவள் எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அந்த எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ந்த நாளிலேயே முப்பத்தெட்டு. கிழக்கு ஓரம் கிணற்றுக்கு எதுவும் கொடுப்பதில்லை என்று அர்த்தம். இதை அறிக்கையில் எழுதினால் லாரிக்கு இடம் அவளே காட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். இரண்டரை ஹெக்டேரில் ஒரு சாண்கூட விடக்கூடாது என்று இருந்தவள் அவள்.

"கிழக்க அளந்தது உனக்கும் உன் தம்பிக்கும்தான தெரியும்" என்றார் கணவர். முக்காலி இல்லை, மூக்கில் கண்ணாடி இல்லை. அது ஒத்திகைக் குரலும் இல்லை. "மேற்க மட்டும் எழுதிக் குடுத்தா யாரும் கேக்கப் போறதில்ல. அவனும் சொல்லமாட்டான்."

"பூட்டுக்காரர் ஒம்போது பேர் சிரிக்கும்போது பெரிசா எழுதினாருங்க. எனக்கு யாரும் சிரிக்கக்கூட இல்ல."

கிழக்கு ஓரத்தில் மேலும் ஐந்து இடத்தில் அளந்தாள். எல்லாம் முப்பதுக்கு மேல். மொத்தம் நாற்பத்தாறு அளவும் தேதி, நேரத்தோடு ஆகஸ்ட் 4-ஆம் தேதி மன்ற அலுவலகத்தில் சேர்ந்தன. 19-ஆம் தேதி பூட்டுக்காரர் மறுபடி மன்றத்தில் நின்றார். விரிப்பு இல்லை, தாள் மட்டும். பதினோரு நிமிடம் பேசினார். நான்கு நாள் என்று மருந்துக்கடை அம்மாளுக்குப் பதில் சொன்னார். முப்பத்தெட்டு என்பதையும் சொன்னார். இன்னது செய்யுங்கள் என்று ஒரு வார்த்தையும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

மன்றம் அன்று முடிவு எடுக்கவில்லை. அறிக்கை கிடைத்தது என்று முதல் கடிதம் ஆகஸ்ட் 22-இல் வந்தது. கிழக்கு ஓரத்தின் எல்லையைப் படமாக வரைந்து தரும்படி கேட்டு இரண்டாவது கடிதம் செப்டம்பர் 11-இல் வந்தது. அக்கா அளவு நாடாவோடு போய் அளந்து, துணி வெட்டும் காகிதத்தில் வரைந்து அனுப்பினாள். அதன் பிறகு கிட்டத்தட்ட நான்கு வாரம் ஒரு சத்தமும் இல்லை. அந்த நான்கு வாரத்தில் அவள் ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடம் மாற்றித் தைத்தாள். முப்பது வருடத்தில் அது முதல் தடவை.

மூன்றாவது கடிதம் வந்தபோது காலை பதினொன்று இருபது. முக்காலியில் ஒரு ஆசிரியை நின்றுகொண்டிருந்தார். அக்கா தரையில் உட்கார்ந்து பாவாடையின் கீழ் மடிப்பைக் குத்திக்கொண்டிருந்தாள். உதட்டுக்கிடையில் ஏழு குண்டூசி. தபால்காரர் நீட்டிய உறையை நடத்துநர் பிரித்தார்.

"படிக்கவா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

கிழக்கு ஓரம், சாலையை ஒட்டிய அறுபது சதவீதம், இல்லை, அறுபது ஏர் (நூறு ஏர் ஒரு ஹெக்டேர்) நிலம் மட்டும் லாரி நிறுத்த ஒதுக்கப்படுகிறது என்று நடத்துநர் தடுமாறித் திருத்திக்கொண்டே வாசித்தார். அங்கிருந்து வடியும் நீர் கிணற்றுப் பக்கம் வராமல் சாலைக்கு அந்தப் புறமுள்ள புல் வாய்க்காலில் திருப்பப்படும். மீதியுள்ள ஒரு ஹெக்டேர் தொண்ணூறு ஏர் நிலத்தில் தார், சிமென்ட், கட்டடம் எதுவும் கூடாது. இந்தத் தடை எந்த மன்றம் வந்தாலும் பொருந்தும்படி நிலப் பதிவேட்டில் எழுதப்பட்டுவிட்டது. வாக்கு ஏழுக்கு இரண்டு.

அக்கா குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் கட்டியிருந்த பஞ்சுப் பொதியில் குத்தினாள். ஏழையும் குத்தி முடிக்கும்வரை ஆசிரியை அசையாமல் நின்றார்.

"கிழக்கு போச்சு" என்றாள் அக்கா முதலில்.

"போச்சு."

"கிணறு இருக்கு."

"இருக்கும்மா."

"முதல்ல இருந்து இன்னொரு தடவ படிங்க. மெதுவா."

அவர் மெதுவாகப் படித்தார். அவள் பாவாடை மடிப்பில் கையை வைத்தபடி கேட்டாள். முடிந்ததும் கண்ணைத் துடைக்காமலே, பூட்டுக்காரருக்கும் தம்பிக்கும் போன் போடச் சொன்னாள். இருவரில் யாருக்கு முதலில் என்று கணவர் கேட்டார். பூட்டுக்காரருக்கு என்றாள். தம்பிக்குக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தெரியும், கீழே கையெழுத்து அவனுடையதுதானே.

கடிதம் வந்து சேர்ந்தது 2014 அக்டோபர் 9, வியாழக்கிழமை.